றேடியோவில் வந்த பிறகு

கிண்ணியா போகும் படகுக்காக வரிசையில் நின்றோம். எனக்கு முன்னால் நின்ற துறைமுகத் தொழிலாளி தன் கூட்டாளியிடம் அலுப்போடு சொன்னார்.

"றேடியோவில வந்த பிறகு எங்கட பொப் பாட்டுக் கோஷ்டி செத்துப்போச்சு, மச்சான்."

"ஊரெல்லாம் அவங்கட பாட்டுத்தானே கேக்குது?"

"அதைத்தான் சொல்லுறன். முந்தி எங்கட ஆக்களுக்காகப் பாடினவங்கள். இப்ப கோட்டுப் போட்டுக்கொண்டு கொழும்புக்குப் பாடுறாங்கள்."

"உன்னை விட்டுட்டுப் போனதால கொதிக்கிறாய்."

"என்ட பொங்கோ மேளம் பட்டிக்காட்டுச் சத்தமாம். அதைக் கேட்டுத்தானே முதல்ல சனம் கூடினது?"

"ஓம், ஓம். ஞாயிற்றுக்கிழமை இங்க கச்சேரிக்கு வாறாங்களாம். மேடைக்குக் கூப்பிட்டால் போவியோ?"

படகு வந்து கயிறு கட்டினார்கள். ஏறும்போது தொழிலாளி மெதுவாகச் சொன்னார்.

"நேற்றுத்தான் மேளத்துக்குப் புதுத் தோல் கட்டினனான்."