நவாரோவுக்கும் எனக்கும் நடுவே ஒரு பல் டாக்டர்

…அதுவும் பல் டாக்டர்! வேற ஆளே கிடைக்கலையா இந்த டவுன்ஷிப்ல? உக்காரு வான்மதி, இந்த ரோவுலயே உக்காரு. முன்னாடி போனா ஏசி நேரா மண்டையில அடிக்கும். லைப்ரரி புஸ்தகத்தைத் திருப்பிக் குடுக்கத்தானே வந்தே? குடுத்தாச்சு இல்ல? அப்பறம் என்ன அவசரம், ஐசக் நவாரோவைப் பத்தி அரை மணிப் பேச்சுதான். அங்க குக்கீ வெச்சிருக்கா. முட்டை போட்டது, நான் தொடமாட்டேன். நீ சாப்பிடு.

ஈரோட்லேர்ந்து இந்த தேசத்துக்கு வந்து மூணு வாரமாச்சா? அப்ப ஐசக் நவாரோ யாருன்னு உனக்குத் தெரிய நியாயமே இல்லை. இங்கேயே பொறந்து வளர்ந்தவாளுக்கே தெரியாது. நான் டைப் அடிச்சேனோ, தெரிஞ்சுது. இதே லைப்ரரியில பார்ட் டைம் பண்றேன் நான். ரெண்டு வருஷம் முன்னாடி, தொண்ணூத்தஞ்சுல, பழைய டவுன் மீட்டிங் நோட்டையெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தணும்னா. இருநூத்தம்பது வருஷத்துக் கையெழுத்து! எறும்பு மையில விழுந்து எழுந்து போன மாதிரி இருக்கும். ஒருத்தரும் கிட்டயே வரலை. நாகலக்ஷ்மி பண்ணுவா, அவ ஒண்ணும் சொல்லமாட்டான்னு என் தலையில கட்டினா. நானும் ஒண்ணும் சொல்லலை.

அந்த நோட்டுலதான் வரார் இவர். பிரிட்டிஷ் ராஜா இந்த தேசத்தையும் ஆண்ட காலம். யூதர். சுத்துவட்டாரத்துலயே ஒரே யூதர். கடை வெச்சிருந்தார். ஆணி, உப்பு, பட்டன், ரிப்பன், வெல்லப்பாகு… ஞாயித்துக்கிழமை ஊரே சர்ச்சுக்குப் போயிடும், இவர் மட்டும் தனியா உக்காந்திருப்பார். நாங்க எழுபத்தேழுல இந்தத் தெருவுக்கு வந்தப்போ இருந்தோமே, அந்த மாதிரி. சனிக்கிழமை அவாளுக்கு ஓய்வு நாள், கடை திறக்கமாட்டார். யாராத்துலயும் சாப்பிடமாட்டார். மீட்டிங்குக்கு வரச்சே ரொட்டியும் வேகவெச்ச முட்டையும் துணியில முடிஞ்சுண்டு வருவாராம். அதையும் எழுதி வெச்சிருக்கான் அந்த க்ளார்க், வேலையத்தவன். எங்காத்துக்காரர் மகாதேவன் பதினெட்டு வருஷமா ஆஃபீஸ் பார்ட்டிக்கெல்லாம் தயிர்சாத டப்பாவோட போறார். ஒருத்தன் எழுதி வெச்சானா?

கேளு. வெறும் கடைக்காரரா இருந்தா நான் ஏன் இவ்ளோ பேசறேன்? எல்லாரும் கை தூக்கி அவரை ரோடு மேற்பார்வைக்கு எலெக்ட் பண்ணிட்டா. பதவி ஏத்துக்கறச்சே சத்தியம் பண்ணணும். கடைசி வரி, 'உண்மையான கிறிஸ்தவனாக'ன்னு முடியறது. இவர் சொன்னார், அந்த வரியை விட்டுட்டு மீதியைச் சொல்றேன்னு. கத்தலையாம், கோச்சுக்கலையாம். சொல்லிட்டு உக்காந்துட்டார். ஒரு மாசம் இழுத்தடிச்சா. ரோடு பாட்டுக்குக் கிடந்தது. கடைசியில யாரோ பெரிய மனுஷனோட மாடு குழியில விழுந்து காலை ஒடிச்சுண்டுது. அடுத்த மீட்டிங்லயே சரின்னுட்டா. ஊர்ல ஒருத்தருக்கும் வராத புத்தி மாட்டால வந்தது.

அப்பறம் நாலு வருஷம் கழிச்சு அவரையே டவுன் க்ளார்க் ஆக்கினா. மீட்டிங்கை சனிக்கிழமைலேர்ந்து செவ்வாய்க்கிழமைக்கு மாத்தினா, இவர் ஒருத்தருக்காக! எங்க பிள்ளை க்ரிஷ் படிக்கறச்சே நானும் தீபாவளிக்கு ஸ்கூல்ல ஒரு நாள் லீவு கேட்டேன்… கேக்கலை. கேக்கணும்னு இருந்தேன். அதுக்குள்ள அவன் காலேஜ் போயிட்டான்.

சரி, அத விடு. நாப்பத்திரெண்டு பக்கம் எழுதினேன் வான்மதி, அவரைப் பத்தி. யாரும் எழுதச் சொல்லலை. சாயங்காலம் ரசத்தைக் கொதிக்க விட்டுட்டு எழுதுவேன். ஹிஸ்டாரிகல் சொசைட்டி கேரல் இருக்காளே, அதோ, பச்சை ஸ்கார்ஃப், அவ படிச்சுட்டு வொண்டர்ஃபுல் வொண்டர்ஃபுல்னா. இன்னிக்கு இந்தப் பல் டாக்டர் ஹோவர்ட் வந்து படிக்கப்போறது என் பேப்பர். ஸ்டேப்ளர் கோணலா அடிச்சிருக்கே, அதுகூட நான் அடிச்சது. அந்த மனுஷனுக்கு நவாரோவைப் பத்தி என்ன தெரியும்? அவர் பல்லைப் பார்த்திருக்காரா?

என்ன? நான் ஏன் பேசலையா?

…கேரல் கேட்டா. கேக்காம என்ன. ஃபோன் பண்ணி, நீயே பேசறியான்னா. நான், "ஐயோ, நானா, எனக்கென்ன தெரியும், வேற யாராவது பெரியவாளாப் பாருங்கோ"ன்னேன். அப்படித்தானேம்மா சொல்லுவோம்? நம்மாத்துல காபி வேணுமான்னா வேண்டாம்போம். திரும்பக் கேட்டா, எதுக்கு சிரமம்போம். மூணாந்தடவை டம்ளர் கையில இருக்கும். இவ ஒரு தடவை கேட்டா, "ஓ, ஐ அண்டர்ஸ்டாண்ட்"னு வெச்சுட்டா! நாலு நாள் நான் ஃபோன் பக்கத்துலயே சுத்தறேன். ஷவரைக்கூட அவசரமா முடிச்சேன். அஞ்சாம் நாள் நோட்டீஸ் ஒட்டியாச்சு, டாக்டர் ஹோவர்ட் பேசுகிறார்னு. க்ரிஷ் கிட்ட சொல்லி அழுதேன். "மாம், ஷீ ஆஸ்க்ட். யூ செட் நோ"ங்கறான். அவ்ளோதான் அவனுக்கு.

நவாரோவை க்ளார்க்கா இருக்கீரான்னு கேட்டாளே, நோட்டுல என்ன போட்டிருக்கு தெரியுமா? 'கேட்டோம். இருக்கேன் என்றார்.' ஒரே வரி. நானே டைப் அடிச்சேன். ஸ்பெல்லிங்கூட செக் பண்ணினேன். மண்டையில ஏறலையே! எனக்குப் பேசணும்னு ஆசை வான்மதி. வெக்கமா இருக்கு சொல்ல. இருபது வருஷமா இந்த ஊர்ல இருக்கேன், ஒரு தடவை எழுந்து நின்னு வாயைத் திறந்ததில்லை.

ஷ்ஷ், கேரல் வரா. "ஹாய் கேரல்… ஓ… ஓ நோ… மீ? நோ நோ நோ, கேரல், ஐ ஆம் நோபடி… யெஸ், சம்படி எல்ஸ்… ஓகே. ஓகே."

போயிட்டா. யாருக்கோ பல்லு ஒடைஞ்சு ரத்தமா கொட்டறதாம், டாக்டர் அங்க மாட்டிண்டுட்டாராம். நீ பேசறியான்னு கேட்டா. நான்… இப்ப நான் என்ன சொன்னேன்? நோன்னா சொன்னேன்? மூணு நோவா? ஐயோ, மைக்கைப் பிடிச்சுட்டா, கேன்சல்னு சொல்லப்போறா. எல்லாரும் குக்கீயைத் தின்னுட்டுக் கிளம்பிடுவா. நவாரோன்னு ஒருத்தர் இருந்தார்னே ஒருத்தருக்கும் தெரியாமப் போயிடும்.

நீ எங்க எழுந்துண்டே? குக்கீ அந்தப் பக்கம்மா… வான்மதி! ஏய்! என்னத்தை சொல்றா இவ கேரல் கிட்ட? மூணு வாரம்தானே ஆச்சு வந்து, பாஷையே தடுமாறும்னாளே… கையை வேற என் பக்கம் நீட்டறா. எல்லாரும் திரும்பறாளே. கேரல் வராளே…

"யெஸ், கேரல், யெஸ்! …வாட்? ஓ, யூ டிடின்ட் ஆஸ்க் யெட்? தட்ஸ் ஓகே. யெஸ்."