ஒரு கிளை மேலே

மவுஸைத் தொடாமல் வேலை செய்யப் பழகிக்கொண்டால் மணிக்கட்டு வலிக்காது, ஐயா. இதை எங்கள் சர்க்கரை ஆலையில் எல்லோரிடமும் சொல்லிப் பார்த்துவிட்டேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வேலைத் திட்டங்களை நாங்கள் கிளைப்படமாகத்தான் போடுவோம். திரையின் நடுவில் வேலையின் பெயர். அதிலிருந்து மரம்போலக் கிளைகள் பிரியும். டேப் விசையைத் தட்டினால் ஒரு கிளை முளைக்கும். என்டரைத் தட்டினால் அதன் கீழே இன்னொன்று. கண்ட்ரோலை அழுத்திக்கொண்டு மேல் அம்பைத் தட்டினால், நீங்கள் நிற்கும் கிளை தனக்கு மேலே உள்ளதைத் தாண்டி ஒரு இடம் ஏறிக்கொள்ளும். கூட்டத்தில் மற்றவர்கள் பேசி முடிக்கும்போது என் படமும் முடிந்திருக்கும். கெய்ரோவிலிருந்து யாராவது வந்தால் மேலாளர் ஃபிக்ரி என் தோளைத் தட்டி, "இவன் லபீப். விரல்ல ஜின் குடியிருக்கு" என்பார்.

சும்மா இருக்க எனக்கு வராது. தேநீர் ஆறுவதற்குள் குடித்து நாக்கைச் சுட்டுக்கொள்வேன். லிஃப்ட் வரும்வரை நிற்க முடியாமல் படியில் ஓடுவேன். இப்போதும் பாருங்கள், மேசைக்கு அடியில் என் கால் ஆடுகிறது. பயத்தினால் அல்ல.

இப்படிப்பட்டவனைத்தான் நாஹித்துக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். அவர் பாதுகாப்புப் பொறியாளர். எல்லாம் மவுஸ்தான். ஒரு கிளையை நகர்த்த வேண்டுமானால் அதைப் பிடித்து, நிறைந்த கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு போகிறவர் மாதிரி மூச்சடக்கி இழுத்துப்போவார். வைத்த பிறகு மறுபடி வாசிப்பார். அதற்குள் என் விரல்கள் மேசையில் தாளம் போட ஆரம்பித்துவிடும்.

"லபீப், அந்த மேசை உங்களுக்கு என்ன பாவம் பண்ணுச்சு?"

"நீங்க அதை இழுத்துக்கொண்டுபோய்ச் சேர்க்கறதுக்குள்ள ரமலானே வந்துடும் மேடம்."

"வரட்டுமே. நோன்பு திறக்கறப்ப எல்லாம் அததன் இடத்துல இருக்கும். உங்க படத்தை மாதிரி பெருநாள் வரைக்கும் திருத்திக்கிட்டு இருக்க வேண்டாம்."

அறையே சிரித்தது. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கரும்புப்பாகுத் தொட்டிகளைக் கழுவும் திட்டம் எப்போதும் என்னுடையது. இந்த முறை அதை ஃபிக்ரி நாஹித்திடம் கொடுத்தார். "கோவிச்சுக்காதே லபீப் பாஷா. உன் படம் சீக்கிரம் வருது, அவங்க படம் சரியா வருது" என்றார். அதையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த வேலையில் வரிசைதான் எல்லாம். தொட்டியைக் காலி செய்ய வேண்டும். வெளியிலிருந்து தண்ணீர் பீய்ச்சிக் கழுவ வேண்டும். காற்றை ஊதி, வாயுவை அளந்து பார்க்க வேண்டும்; இரண்டும் ஒரே கிளை. அதன் பிறகுதான் ஆள் இறங்கலாம். புளித்த பாகிலிருந்து வரும் வாயு அடியிலேயே தங்கிவிடும். உள்ளே போகிறவனுக்கு இரண்டாவது மூச்சு இருக்காது. ஒப்பந்தத்துக்கு வரும் ஆட்களுக்கு இதெல்லாம் தெரியாது. கைபேசியில் படத்தைப் பார்த்து, மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகச் செய்து டிக் போடுவார்கள்.

நாஹித் படத்தை முடித்து இரண்டு தடவை சரிபார்த்தார். அனுப்பப்போகும் நேரத்தில் மகளின் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. எழுந்து வராந்தாவுக்குப் போனார். அவருடைய கணினி என் முழங்கைக்குப் பக்கத்தில் திறந்தபடி இருந்தது. 'ஆள் இறங்குதல்' என்ற கிளைக்குப் போனேன். கண்ட்ரோல், மேல் அம்பு. சத்தமே இல்லை.

என் எண்ணம் சின்னது, ஐயா. திரும்பி வந்து பார்ப்பார், அல்லது ஃபிக்ரி பார்ப்பார். நாஹித்தின் முகம் ஒருமுறை சிவக்கும். அவ்வளவுதான். ஆனால் அவர் வந்தார், நின்றபடியே அனுப்பிவிட்டார். மூன்றாவது தடவை சரிபார்க்காதது அவருடைய அலட்சியம்.

கழுவும் நாளன்று காலையில் ஷஹாத்தா என் ஜன்னலுக்குக் கீழே நின்றான். ஒப்பந்த ஆள், வாய் ஓயாதவன். நான் நின்றபடி, அவித்த மொச்சை வைத்த ஃபூல் ரொட்டி தின்றுகொண்டிருந்தேன்.

"இன்ஜினியர் பாஷா, உட்கார்ந்து தின்னுங்க! ரொட்டி உள்ள போனதே வயித்துக்குத் தெரியாம போயிடப்போகுது."

"நீ போய் உன் தொட்டியைப் பாரு" என்றேன். சிரித்துக்கொண்டே போனான்.

பிறகு திரையில் டிக் விழ ஆரம்பித்தது. காலி செய்தாயிற்று. கழுவியாயிற்று. அடுத்து ஒளிர்ந்தது 'ஆள் இறங்குதல்'. நாஹித்தும் பக்கத்தில் அதே படத்தைத்தான் திறந்து வைத்திருந்தார். வாக்கிடாக்கி எங்கள் இருவருக்கும் நடுவில் கிடந்தது. என் கை விசைப்பலகை மேல் இருந்தது. கண்ட்ரோல், கீழ் அம்பு என்று தட்டி அதைத் திருப்பி இறக்கியிருக்கலாம். நான் நாஹித்தின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எப்போது கண்டுபிடிப்பார் என்று பார்க்கும் ஆவல்.

கண்டுபிடித்தார். நாற்காலி கவிழ, வாக்கிடாக்கியில் "இறங்காதீங்க, இறங்காதீங்க" என்று கத்திக்கொண்டே ஓடினார். ஒரு செருப்பு வாசலிலேயே கழன்று கிடந்தது. அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை. அதற்குள் ஷஹாத்தாவைத் தொட்டிக்குள் இறக்கிய கயிறு அசைவதை நிறுத்தியிருந்தது.

"என் படம், என் தப்பு" என்று நாஹித் உங்களிடம் சொல்லியிருக்கிறார். நல்ல மனசு. ஃபிக்ரி திட்டங்களையெல்லாம் மறுபடி என்னிடமே கொடுத்துவிட்டார். நான் பேசாமல் இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை, உங்கள் விசாரணை அறிக்கையைப் படித்ததிலிருந்து உடம்பெல்லாம் ஊறுகிறது. 'மவுஸ் வழுக்கியதில் கிளை தவறுதலாக இடம் மாறியது' என்று எழுதியிருக்கிறீர்கள்.

அதைத் திருத்துங்கள், ஐயா. எதுவும் வழுக்கவில்லை. சரியான கிளை, சரியான விசை, ஒரே தட்டு. அதில் ஒரு பிழையும் கிடையாது.