கவர்னர் பத்திரமாக இருக்கிறது

வெயில் ஏறிவிட்டது, ரேஞ்சர் மேடம். அந்த மடக்கு நாற்காலியை நிழலில் இழுத்துப் போட்டு உட்காருங்கள். நீங்கள் கேட்டது ஒன்று, நான் சொல்வது வேறொன்று என்று தோன்றும். சுற்றி வளைத்தாலும் அங்கேதான் வருகிறேன்.

முகாமுக்கு வருகிறவர்களுக்கு நாயைப் பத்திரமாக வைத்துக்கொள்ளத் தெரிவதில்லை. மணலில் முளை அடித்துக் கட்டுவார்கள்; அணிலைக் கண்டதும் நாய் முளையோடு போய்விடும். கேரவன் கதவின் கொசுவலையை நம்பி உள்ளே விட்டுவிட்டு மீன் பிடிக்கப் போவார்கள். திரும்பி வரும்போது வலையில் நாய் அளவுக்கு ஓட்டை இருக்கும். கம்பித் தட்டிகளை வட்டமாக நிறுத்துவார்கள், தரையில் ஊன்றமாட்டார்கள். நாய் மூக்கால் தள்ளித் தள்ளி வேலியோடு ஏரிக்கரைக்கே வந்துவிடும்.

எனக்கு இதெல்லாம் பொறுக்காது. மாநிலச் சிறையில் காவலராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். என் கட்டடத்திலிருந்து ஒருவனும் தப்பியதில்லை. இந்த மல்பெரி ஏரி முகாமின் பொறுப்பாளராக வந்த பிறகும் அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன். சம்பளம் கிடையாது. என் கேரவனை நிறுத்த இலவச இடமும் சுற்றிவர ஒரு கோல்ஃப் வண்டியும் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு அது போதும்.

லவீனா டிஸ்டேல் இந்த வசந்தத்தில் வந்தாள். கணவனை இழந்தவள். கூடவே கவர்னர் என்ற பாசெட் நாய். குட்டைக் கால், தரையில் புரளும் காது, எதற்கும் அவசரப்படாத சுபாவம். அவள் போட்டிருந்த வேலியின் தாழ்ப்பாள் ஒரு சிறு கொக்கிதான். அது தாங்குமா என்று பார்ப்பது என் கடமை. ஒரு நாள் அவள் குளிக்கப் போயிருந்தபோது கொக்கியை லேசாகத் தூக்கிப் பார்த்தேன். திறந்துகொண்டது. கவர்னர் நகரவில்லை. பாதுகாப்புச் சோதனையைப் பாதியில் விட முடியாது. ஒரு துண்டு சாசேஜைக் காட்டி என் வண்டிவரை நடத்திக் கூட்டிவந்தேன்.

லவீனா அலறியடித்துக்கொண்டு ஓடி வந்தாள். நாய் என் காலடியில் படுத்திருந்தது.

"வெர்லின், நீங்க மட்டும் பாக்கலன்னா எம்புள்ள கதி என்ன ஆயிருக்கும்? உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல."

"ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போ, படபடப்பு அடங்கட்டும்," என்றேன்.

அன்று அவள் வெகுநேரம் உட்கார்ந்து பேசினாள். என் மனைவி போன பிறகு இந்தக் கேரவன் பந்தலின் கீழ் யாரும் சிரித்ததில்லை. எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. அதை மறைக்க என்ன இருக்கிறது? அதற்கப்புறம் வாரம் தவறாமல் அந்தக் கொக்கியைச் சோதித்தேன். வாரம் தவறாமல் அது தோற்றது.

அப்போதுதான் டெலாய் பிங்க்ஸ் வந்து சேர்ந்தார். பேருந்து நீளத்துக்குக் கேரவன், வாயைத் திறந்தால் மூடாத மனிதர். சாயங்காலம் ஆளுக்கொரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் கூடிக் குடிக்கிற இடத்தில், வந்த அன்றே நடுவில் உட்கார்ந்துகொண்டார்.

"என்ன வார்டன், இன்னிக்கு எத்தனை கைதி தப்பிச்சான்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். லவீனாவும் சிரித்தாள்.

"சிரிக்காதீங்க டெலாய், எங்க கவர்னர்தான் ஓயாம தப்பிக்கிறான்."

"இவனா? இவனுக்கு எந்திரிக்கவே நாலு பேர் வேணும். கொக்கிய மாத்துங்கம்மா, சரியாப் போயிடும்."

மறுநாளே மலையேறுகிறவர்கள் பயன்படுத்தும் திருகு வளையம் ஒன்றை வேலியில் மாட்டிக் கொடுத்தார். நல்ல வேலைதான், குறை சொல்ல முடியாது. கவர்னர் தப்பிப்பது நின்றது. லவீனா என் பந்தலுக்கு வருவதும் நின்றது. காப்பி இப்போது டெலாயின் கேரவனில். அவர் கிளம்ப வேண்டிய நாள் வந்தபோது, "அடுத்த ஏரிக்கு நீங்களும் வாங்களேன்," என்று அவளைக் கூப்பிட்டார். அவள் யோசிக்கிறேன் என்றாள். யோசிக்கிறேன் என்று சொல்லும்போது ஒரு பெண் எப்படிச் சிரிக்கக் கூடாதோ அப்படிச் சிரித்தாள்.

டெலாய் கிளம்புமுன் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பார். தாங்குகால் ஏற்றியாயிற்றா, பந்தல் சுருட்டியாயிற்றா, வெளியே நீட்டிவைத்த பக்கவாட்டு அறையை உள்ளே இழுத்தாயிற்றா, எல்லாம் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார். உள்ளே குளியலறையை மட்டும் யாரும் பார்ப்பதில்லை. பயணத்தின்போது மடக்கு நாற்காலிகளையும் அழுக்குத் துணியையும் அதில்தான் திணிப்பார்கள். கதவு ஆடாமலிருக்க வெளியே ஒரு தாழ்ப்பாள் உண்டு. ஓடும் வண்டியில் நாய்க்கு அதைவிடப் பத்திரமான இடம் எனக்குத் தெரியாது.

அன்று அவர் கேரவனின் கழிவுநீர்த் தொட்டியைக் காலி செய்துகொண்டிருந்தார். கையுறையும் குழாயுமாக வண்டியின் அந்தப் பக்கம் குனிந்திருக்கும் மனிதனின் பக்கம் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. லவீனா துவைக்கப் போயிருந்தாள். அவள் வேலியின் திருகைக் கழற்றினேன், கவர்னரைத் தூக்கினேன். என் முதுகு இன்னும் வலிக்கிறது. டெலாயின் குளியலறையில் அதை அழுக்குத் துணி மேல் படுக்கவைத்ததும் பெருமூச்சு விட்டுக் கண்ணை மூடிக்கொண்டது. டெலாய் எனக்குக் கையசைத்துவிட்டுப் போனார்.

டெலாயை நாய்த் திருடன் என்று அவள் நினைத்துக்கொள்ளட்டும் என்பதுதான் என் எண்ணம். வேறு கெட்ட எண்ணம் இல்லை.

அன்று முழுவதும் லவீனா என் கோல்ஃப் வண்டியில் என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். ஏரியைச் சுற்றி மெதுவாக ஓட்டினேன். "கவர்னர், கவர்னர்" என்று தொண்டை வறளக் கூப்பிட்டேன். அவள் என் தோளில் சாய்ந்துகொண்டாள். இந்த முகாமில் எனக்கு அவ்வளவு நல்ல நாள் வாய்த்ததில்லை.

சாயங்காலம் டெலாயிடமிருந்து போன் வந்தது. பிரேக் போட்டபோது குளியலறைக்குள்ளிருந்து ஊளை கேட்டதாம். பாதி வழியில் ஒரு பெட்ரோல் பங்கில் காத்திருந்தார். லவீனா வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனாள். மூன்று பேருமாகத் திரும்பி வந்தார்கள். "கவர்னருக்கே அவர விட்டுப் பிரிய மனசில்ல வெர்லின், திருக நான் சரியா மாட்டல போல, தானா ஏறிப் போயிருக்கான் பாருங்க, வண்டி ஆட்டத்துல தாழ்ப்பாளும் விழுந்திருக்கு. இதுக்கு மேல நான் என்ன யோசிக்கிறது?" என்றாள்.

கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போனார்கள். அங்கே தங்கப்போகிற ஓட்டலில் நாய்க்கு அனுமதி இல்லையாம். "உங்கள விட்டா நம்பிக்கையா யார்கிட்ட விடுவேன்?" என்று லவீனாவே என் கையில் வாரைக் கொடுத்தாள். திருடவில்லை மேடம், கொடுத்தாள். அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். ஆமாம், என் கேரவன் கதவு உள்பக்கம் பூட்டியிருக்கிறது. நேற்று அவர்கள் நாயைக் கேட்டுத் திரும்பி வந்ததிலிருந்து பூட்டியிருக்கிறது. நானும் உள்ளேதான் இருக்கிறேன், அதனால்தான் ஜன்னல் வழியாகப் பேச வேண்டியிருக்கிறது. உங்கள் பின்னால் நிற்கிற புது மாப்பிள்ளை கதவை உதைப்பதை நிறுத்தினால் நாய்க்கு நல்லது. அவர் முகாம் வாசல்வரை போகட்டும். லவீனா மட்டும் வந்து தட்டினால் திறக்கிறேன், காப்பி தயாராக இருக்கிறது. நாயின் நலனைத் தவிர எனக்கு இதில் வேறு அக்கறை இல்லை.

அந்தச் சத்தமா? கவர்னர்தான் கதவைப் பிறாண்டுகிறது. அதற்கு வெளியே போக வேண்டும் என்று அர்த்தமில்லை.