இனாஸின் மோட்டார் சைக்கிள் முன் ஸ்பிரிங் பற்றி மர்ளியா சொன்னது

பெயர் முத்தலிபு மர்ளியா. வயது 36. ஆலங்குடாவில் வசிக்கிறேன். தையல் வேலை செய்கிறேன். மீன் வியாபாரி இனாஸின் விதவை நான். என்னை ஒருவரும் கூட்டி வரவில்லை, நானாகவே பொலிஸ் நிலையத்துக்கு வந்தேன். கராஜ் வைத்திருக்கும் ஸுஹைப், தனது கண் போனது தனது கவனக்குறைவால்தான் என்றும் யார் மீதும் முறைப்பாடு இல்லை என்றும் ஆஸ்பத்திரியில் சொன்னதாக அறிந்தேன். அது பொய். அவர் வாயை மூடிக்கொண்டால் என் கணவர் எப்படி மௌத்தானார் என்பதும் வெளியில் வராமல் போய்விடும். அதற்கு நான் விடமாட்டேன்.

எனது கணவர் மோட்டார் சைக்கிளின் பின்னால் பெட்டி கட்டி முந்தல் வரை மீன் கொண்டுபோய் விற்றார். உள்ளே ஸ்பிரிங் உள்ள முன் ஷொக் இரண்டும் பள்ளத்தில் விழும்போதெல்லாம் டக்கென்று இடித்தன. வழமையாக அவரே வீட்டில் கழற்றிப் பூட்டுவார், நான் ஸ்பெனர் எடுத்துக் கொடுப்பேன். அப்போது மீன் நன்றாகப் பட்ட காலம் என்பதால் நேரமில்லாமல் ஸுஹைப்பிடம் கொடுத்தார். புது ஸ்பிரிங் போட்டதாகச் சொல்லி ஸுஹைப் திருப்பிக் கொடுத்தார். அதன் பின்னர் ஒன்பதாம் நாள் நுரைச்சோலைப் பக்கம் ஒரு கழுதை குறுக்கே வர, கணவர் பிரேக் பிடித்திருக்கிறார். முன்பக்கம் அப்படியே கீழே இறங்கி, ஹேண்டில் திரும்பி, மதகுச் சுவரில் தலை அடிபட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. ஜனாஸாவைத் தூக்கியவர்களில் மேற்படி ஸுஹைப்பும் ஒருவர். என் சொந்தச் சகோதரனை விட அதிகமாக அழுதார்.

அதன் பின்னர் கணவனை இழந்தவள் இருக்கவேண்டிய இத்தா இருந்தேன். நான்கு மாதமும் பத்து நாளும் வெளியே போகவில்லை. மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்து குசினிக்குப் பின்னால் விட்டிருந்தார்கள். தினமும் அதைப் பார்த்துக்கொண்டே சோறாக்கினேன். இரண்டாம் மாதத்தில் ஒருநாள், கணவர் செய்தது போல எஞ்சினுக்குக் கீழே தென்னங்குற்றி வைத்து, முன் சக்கரத்தை நிலத்திலிருந்து தூக்கி, ஷொக்கின் மேல் மூடிகளைக் கழற்றினேன். உள்ளே இருந்தவை துருப்பிடித்த பழைய ஸ்பிரிங்குகள். ஒன்று இரண்டாக உடைந்திருந்தது. குறைந்த உயரத்தை நிரப்புவதற்கு ஸுஹைப் தண்ணீர்க் குழாயை வெட்டி மேலே வைத்திருந்தார். வெட்டிய வாயைக்கூட அரத்தால் ராவவில்லை. அன்று நான் சாப்பிடவில்லை.

அதன் பின்னர் எனது தங்கை சுல்பாவைப் புத்தளம் டவுனுக்கு அனுப்பிப் புது ஸ்பிரிங் எடுப்பித்து, ஒயில் மாற்றி, நானே பூட்டினேன். புது ஸ்பிரிங்குக்குக் குழாய்த் துண்டு தேவையில்லை. ஆனாலும் ஸுஹைப் வெட்டிய அதே துண்டுகளைத் தெரிந்துகொண்டே மேலே வைத்தேன். மூடி பிடிக்கவில்லை. நெஞ்சைக் கொடுத்து அமுக்கி முடுக்கினேன். அதன் பின்னர் குற்றியை எடுத்து, சக்கரத்தை நிலத்தில் விட்டேன். வண்டியின் பாரத்தில் ஸ்பிரிங் அமுங்கியிருக்கும் அந்த நிலையில் மூடியைத் திறந்தால் அது தெறித்து மேலே வரும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். எதற்காக அப்படிச் செய்கிறேன் என்று சுல்பாவுக்குத் தெரியாது.

இத்தா முடிந்த பின்னர், சென்ற வியாழக்கிழமை, வண்டியை விற்கப் போகிறேன், முன்பக்கம் சத்தம் கேட்கிறது, வந்து பார்க்கவும் என்று ஸுஹைப்புக்குச் சொல்லியனுப்பினேன். அரை மணித்தியாலத்தில் வந்துவிட்டார்.

“தம்பி, நீங்க போட்டது புது ஸ்பிரிங் தானே?” என்று கேட்டேன்.

“வல்லாஹி ராத்தா, பெட்டிய ஒடச்சி என்ட கையாலதான் போட்டேன்” என்றார்.

“அப்ப ஒருக்காத் தொறந்து பாருங்க. அந்தா குத்தி இரிக்கி” என்று தென்னங்குற்றியைக் காட்டினேன்.

“அது என்னத்துக்கு ராத்தா, சின்ன வேலதானே” என்றார்.

புது ஸ்பிரிங் போட்ட எந்த மெக்கானிக்கும் சக்கரத்தைத் தூக்காமல் அந்த மூடியில் கை வைக்க மாட்டான். உள்ளே விசையே இல்லை என்று தெரிந்தவன்தான் அப்படித் திறப்பான். அவர் ஹேண்டிலுக்கு மேலே குனிந்து, முகத்தை நேராக வைத்துக்கொண்டு ஸ்பெனரைத் திருப்பினார். நான் இரண்டடி தள்ளி நின்றேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நின்றிருப்பார். சொல்லவில்லை. மூடி தெறித்து அவரது வலது கண்ணில் அடித்தது. கீழே விழுந்த குழாய்த் துண்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் கொடுத்த துணியால் முகத்தைப் பொத்திக்கொண்டார். சுல்பாதான் ஓட்டோ பிடித்து அனுப்பினாள். எனக்கு அவர் மீது இரக்கம் வரவில்லை, இப்போதும் வரவில்லை.

பழைய ஸ்பிரிங்குகளையும் குழாய்த் துண்டுகளையும் ஒரு ஷொப்பிங் பையில் கொண்டுவந்து ஒப்படைத்துள்ளேன். எனக்கு எதிராக வழக்குப் போட்டால் அந்தக் குழாய் ஏன் உள்ளே வந்தது என்று நீதவான் கேட்கத்தான் வேண்டும். ஸுஹைப் கூண்டில் ஏறிப் பதில் சொல்லத்தான் வேண்டும். அதற்காக மறியலுக்குப் போய்ச் சிறை இருக்கவும் நான் ஆயத்தம்.

இதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். குழாய்த் துண்டுகளைத் “தெரியாத்தனமாக” வைத்ததாக ஓரிடத்தில் எழுதப்பட்டிருந்தது. எழுதிய பெண் உத்தியோகத்தர், “அது அப்படியே இரிக்கட்டும் ராத்தா, ஒங்கட நல்லதுக்குத்தான்” என்றார். அந்தச் சொல்லை வெட்டச் சொல்லி, “தெரிந்துகொண்டே” என்று எழுதுவித்து, வெட்டிய இடத்திலும் கையொப்பம் வைத்தேன். இதிலுள்ள எல்லாம் என் வாயால் சொன்னவை, உண்மையானவை.

(ஒப்பம்) மு. மர்ளியா