தொட்டித் திருப்பத்தில் நின்ற அதிர்வு

மாலை ஆறேகால் இருக்கும். இருட்டு என்று சொல்ல முடியாது, வெளிச்சம் என்றும் சொல்ல முடியாது. ஊருக்கு வெளியே போகிற பழைய சாலை... புதுச் சாலை போட்ட பிறகு ஈ காக்கை எட்டிப் பார்க்காத சாலை. இரண்டு பக்கமும் பொட்டல். வழியில் ஒரு திருப்பம், அங்கே நாலு காலில் நிற்கும் ஒரு தண்ணீர்த் தொட்டி. அதில் தண்ணீர் ஏறி வருஷக்கணக்காகிறது. அந்தச் சாலையில் ஒரே ஒரு மோட்டார் சைக்கிள். அதன் மேல் ஒரே ஒரு ஆள்.

அந்த ஆள் என் நண்பனின் சித்தப்பா. இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், சத்தமாகச் சொல்கிற கதை இல்லை இது.

சித்தப்பாவுக்கு ஆஸ்பத்திரியில் காது சோதிக்கிற வேலை. தடித்த சுவர் வைத்த சின்ன அறை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருவர் ஹெட்போன் மாட்டி உட்கார்ந்திருப்பார். இவர் இந்தப் பக்கமிருந்து மெல்லிய சத்தங்களை அனுப்புவார். கேட்டால் அவர் பொத்தானை அழுத்த வேண்டும். நாளெல்லாம் அடுத்தவர் காதுக்குச் சத்தம் அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்தால், அவர் காதுக்கென்று ஒரு சத்தமும் இல்லை. சித்தி போய்ச் சேர்ந்து மூன்று வருஷம். பிள்ளைகள் கிடையாது. சமையலறைக் குழாயைச் சரியாக மூடாமல் சொட்ட விட்டுவைப்பாராம். ஏதாவது ஒன்று கேட்கட்டுமே என்று.

அப்படிப்பட்டவர் திடீரென்று ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கினார். அவர் வயசுக்கு மூத்த வண்டி. கறுப்பு டேங்க், இரண்டு பேர் உட்காருகிற நீளமான ஒரே சீட்டு. ஓவிய டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு அம்மா விற்றார். செத்துப்போன தம்பியின் வண்டியாம். அந்த அம்மா விலை பேசவில்லை. "எடுத்துட்டுப் போயிடுங்க தம்பி" என்றதோடு சரி.

"இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு சித்தப்பா இந்த எமன் வாகனம்?" என்று என் நண்பன் கேட்டான்.

"வீட்ல ஒரு சத்தம் வேணும்டா" என்றார்.

வாங்கிய வாரமே இரண்டு கோளாறு. ஒன்று, ஆயில் ஒழுக்கு. காலையில் பார்த்தால் வண்டிக்குக் கீழே சிமெண்ட் தரையில் கறுப்பாக ஒரு வட்டம். இரண்டு, அதிர்வு. கொஞ்சம் வேகம் பிடித்தால் போதும், ஹேண்டில்பார் வழியாக ஒரு நடுக்கம் ஏறி முழங்கை வரை வரும். இறங்கிய பிறகும் விரல்கள் குறுகுறுக்கும், டம்ளரைப் பிடித்தால் காபி ததும்பும்.

பழைய வண்டிகளைப் பார்க்கிற மெக்கானிக் ஒருவன் இருந்தான். எல்லோரும் அவனை கிரீஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். நாற்பது வயசிருக்கும். வாய் ஓயாது. "இது வண்டி இல்ல சார், வாதம் வந்த கிழவன். உடம்பு பூரா நடுங்குது, மூக்கு வேற ஒழுகுது" என்று சிரித்தான். இரண்டு பேருமாக உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். என்ஜினைத் தாங்குகிற போல்ட்டுகள் தளர்ந்திருந்தன, முறுக்கினார்கள். தொங்கிய செயினை இழுத்துக் கட்டினார்கள். சக்கரத்தில் இரண்டு கம்பி உடைந்திருந்தது, மாற்றினார்கள். அதிர்வு குறையவில்லை.

ஒழுக்கைக் கண்டுபிடிக்க கிரீஸ் ஒரு வழி சொன்னான். என்ஜினை மண்ணெண்ணெய் ஊற்றித் துடைத்துக் காயவிட்டு, மேலே முகப் பவுடரைத் தூவிவிட வேண்டும். எங்கே கசிகிறதோ அங்கே பவுடரில் கறுப்புக் கோடு விழும். சித்தப்பா வீட்டிலேயே அதைச் செய்தார். பீரோவில் சித்தியின் பவுடர் டப்பா இருந்தது. அதைத்தான் எடுத்தார். கொஞ்சம் தாராளமாகத் தூவியதில் வண்டி பூராவும் வெள்ளை.

காலையில் கோடு தெரிந்தது. என்ஜின் தலைக்கும் உடம்புக்கும் நடுவில், இடையில் வைக்கிற பேக்கிங் தேய்ந்துபோன இடத்தில், மெல்லிய கறுப்புக் கோடு. சரிதான் என்று எழுந்தவர் இன்னொன்றையும் பார்த்தார். பின்னால் உட்காருகிறவர் கால் வைக்கிற ரப்பர்... அதில் பவுடர் இல்லை. நடுவில் மட்டும் வழித்து எடுத்த மாதிரி. ஓரத்தில் சின்னச் சின்னதாக ஐந்து பள்ளம்.

பூனையாக இருக்கும் என்று துடைத்துவிட்டார். வண்டி நின்றது வீட்டுக்குள்ளே. கதவு ராத்திரி முழுக்கப் பூட்டியிருந்தது.

பேக்கிங் மாற்றியதும் ஒழுக்கு நின்றது. அதிர்வுதான் மிச்சம். அதைச் சோதிக்கத்தான் அன்று மாலை அந்தப் பழைய சாலைக்குப் போனார்.

வேகம் ஏற்றினார். நடுக்கம் வந்தது. விரல், மணிக்கட்டு, முழங்கை... பல்லெல்லாம் கிடுகிடுத்தது. தொட்டித் திருப்பம் வந்தது. வேகத்தைக் குறைத்து வண்டியைச் சாய்த்துத் திருப்பினார். கிறீச் என்று ஒரு சத்தம். பின் ஸ்பிரிங் அமுங்குகிற சத்தம். வண்டியின் பின்பக்கம் ஒரு விரற்கடை இறங்கியது.

அதிர்வு நின்றுபோனது.

சுத்தமாக நின்றுபோனது. வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி வண்டி போகிறது. என்ஜின் சத்தம் மட்டும் சீராக, அடக்கமாக. காது சோதிக்கிறவர் இல்லையா, அவருக்குத்தான் அது கேட்டது. என்ஜின் சத்தத்துக்கு அடியில், முதுகுக்குப் பின்னால், இன்னொரு மூச்சு. இழுப்பதும் விடுவதுமாக... நிதானமாக. கூடவே ஒரு வாசனை. மழையில் நனைந்த கம்பளி, நிழலில் காய்ந்தால் வருமே, அந்த வாசனை.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. வண்டியை நிறுத்தவும் இல்லை. ரொம்ப தூரம் போய்விட்டு, வந்த வழியே திரும்பினார். தொட்டித் திருப்பத்தில் மறுபடி கிறீச். பின்பக்கம் மேலே எழும்பியது. அதோடு நடுக்கம் வந்து கையைப் பிடித்துக்கொண்டது.

மறுநாள் கிரீஸிடம், மூச்சையும் வாசனையையும் விட்டுவிட்டு மீதியைச் சொன்னார்.

"அட, இவ்வளவுதானா சார்! பின்னாடி ஸ்பிரிங்க ரெண்டு பேருக்குன்னு டைட்டா வச்சிருப்பாங்க. வெய்ட்டு இல்லாம ஓட்டுனா உதறத்தான் செய்யும்" என்று தானே பின்னால் ஏறி உட்கார்ந்தான். கடைத்தெருவை ஒரு சுற்று வந்தார்கள். வண்டி முன்னைவிட மோசமாக உதறியது. கிரீஸின் முகத்தில் ஈயாடவில்லை. "சாவியக் குடுங்க. உங்க தொட்டியண்டை நானே ஒரு தடவை போய்ப் பார்த்துட்டு வரேன்" என்று தனியாகக் கிளம்பினான்.

நன்றாக இருட்டிய பிறகுதான் வந்தான். ஓட்டிக்கொண்டு வரவில்லை. தள்ளிக்கொண்டு வந்தான். சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. வண்டிக்கு ஸ்டாண்ட் போட்டுவிட்டு, கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"என்னப்பா, பெட்ரோல் தீர்ந்துடுச்சா?"

"பெட்ரோல் இருக்கு சார்."

"பின்ன?"

"ஏறுச்சு" என்றான். "ஏறி உட்கார்ந்துச்சு சார். வண்டி அமுங்குச்சு. நான் மூச்சு விடாம ஓட்டுனேன். அப்புறம் ஒரு கை... என் தோள்ல வந்து பட்டுச்சு. பட்டுட்டு, மெதுவா கழுத்து வரைக்கும் தடவிப் பார்த்துச்சு. பார்த்துட்டு எறங்கிடுச்சு."

"எறங்கிடுச்சா?"

"ஆமா சார். ஓடுற வண்டியிலேருந்து. அது தேடுற ஆளு நான் இல்லன்னு தெரிஞ்சிடுச்சு சார் அதுக்கு. வித்துடுங்க. உங்க கால்ல வேணும்னாலும் விழறேன்."

வாயாடி கிரீஸ் அதற்குப் பிறகு அந்த வண்டியைத் தொடவில்லை.

சித்தப்பா அந்த ஓவிய டீச்சரைத் தேடிப் போனார். அந்த அம்மா வாசலிலேயே நின்று பேசினார், உள்ளே கூப்பிடவில்லை.

"உங்க தம்பி பின்னாடி யாரைம்மா உட்கார வச்சுட்டுப் போவாரு?"

"யாரையும் இல்ல தம்பி. அவன் தனிக்கட்டை. பொழுது சாஞ்சா பழைய சாலையில அந்தத் தொட்டி வரைக்கும் தனியா போய்ட்டு வருவான். என்னைக்கூட ஒரு நாள் ஏத்தினதில்ல. 'எடமில்லக்கா'ம்பான். சீட்டு காலியா இருக்கும், எடமில்லம்பான்."

"அவரு எப்படிப் போனாரு?"

"காய்ச்சல்தான். ஆஸ்பத்திரியிலதான் போனான். கடைசியில அவ்வளவு பெரிய கட்டில்ல ஓரத்துல ஒடுங்கியே கெடந்தான். விழுந்துடுவேடா, நடுவுல படுடான்னு நர்ஸும் நானும் மாறி மாறிச் சொன்னோம். கேட்கலையே. மீதிப் பாதிக் கட்டில யாருக்கோ விட்ட மாதிரி காலியாவே வச்சிருந்தான்." முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார். "அவன் போனப்புறம் வண்டி இங்க வாசல்ல நின்னுச்சு. பொழுது சாஞ்சா ஸ்பிரிங் கிறீச்சுன்னும். யாரோ ஏறி உட்கார்ந்து காத்துட்டு இருக்கிற மாதிரி. எனக்குத் தாங்கல... உங்க வீட்ல ஆளுங்க இருக்காங்களா?"

"இல்லம்மா. நான் மட்டும்தான்."

அந்த அம்மாவின் முகம் மாறிப்போனது. "இதை நான் முன்னாடியே கேட்டிருக்கணும்" என்றார். "வண்டியத் திருப்பிக் கொண்டாந்து விட்டுடுங்க தம்பி. நான் உடைச்சுப் போட்டுடறேன். அதுக்கு ஆளில்லாத வீடுதான் ஆகும்."

சித்தப்பா வாசலில் நின்று யோசித்தாராம். வீட்டை நினைத்துப் பார்த்தார். சொட்டுகிற குழாய். ஒரு தட்டு, ஒரு டம்ளர். ஞாயிற்றுக்கிழமை மதியங்கள்.

"பரவாயில்லம்மா" என்றார். "வண்டி நல்லாத்தான் ஓடுது."

இதையெல்லாம் அவரே என் நண்பனிடம் சொன்னதுதான். சொன்னபோது பயந்த மாதிரியே இல்லையாம். பெண் பார்த்துவிட்டு வந்த பையன் மாதிரி கூச்சத்தோடு சொன்னாராம். பிறகு சொல்வதையும் நிறுத்திக்கொண்டார். விசேஷங்களுக்கு வருவது நின்றது. போன் செய்தால், "வெளிய கெளம்பிட்டேன்டா, காத்துட்டிருக்காங்க" என்பார். யார் என்று கேட்பதற்குள் போனை வைத்துவிடுவார். உடம்பு என்னவோ தேறியிருந்தது. முகத்தில் ஒரு களை. சமையலறைக் குழாயை இறுக்கி மூடிவிட்டார்.

என் நண்பனுக்கு மனசு கேட்கவில்லை. போன மாதம் ஒரு நாள், எப்படியாவது பேசிக் கூட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும் என்று, தொட்டிக்குக் கீழே போய் நின்றான். பொழுது சாய்கிற நேரம். காற்று இல்லை. தூரத்தில் என்ஜின் சத்தம் கேட்டது... சீராக, அடக்கமாக. விளக்குப் போடாமல் வண்டி வந்தது. கையைத் தூக்கினான். "சித்தப்பா!" என்று கத்தினான்.

வண்டி நிற்கவில்லை. கொஞ்சமும் ஆடாமல், கோடு போட்ட மாதிரி வந்து, அழகாகச் சாய்ந்து திரும்பி, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் அவனைத் தாண்டிப் போனது.

சித்தப்பா பின் சீட்டில் உட்கார்ந்திருந்தார்.

முன்னால் யாரும் இல்லை. ஹேண்டில்பார் மட்டும் திரும்பியது. சித்தப்பா கண்ணை மூடி, தூங்குகிற குழந்தை மாதிரி தலையை ஒரு பக்கமாகச் சாய்த்திருந்தார். முன்னால் இருந்த வெறும் காற்றில்... அவருடைய கன்னம் தட்டையாக அழுந்தியிருந்தது.