முதல் தண்ணீர்

எங்கள் அறையில் பேச்சு குறைவு, ஐயா. உறிஞ்சுவதும் துப்புவதும்தான் அதிகம். தேநீரை ருசி பார்த்துச் சொல்வது வேலை என்றால், கண்ணை மூடிக்கொண்டு ரசிக்கிற சொகுசு வேலை என்று வெளியாட்கள் நினைத்துக்கொள்கிறார்கள். கரண்டியால் அள்ளி, சர்ரென்று காற்றோடு இழுத்து, நாக்கு முழுக்க உருட்டி, இடுப்புயரத் தொட்டியில் துப்ப வேண்டும். அந்தத் தொட்டியின் உள்விளிம்பில் பழுப்பாக ஒரு வழவழப்பு படிந்திருக்கும். எவ்வளவு தேய்த்தாலும் போகாது. இத்தனை வருடம் பார்த்தும் எனக்கு அது பழகவில்லை. சுத்தம் என் சுபாவம். வீட்டிலும் என் டம்ளரை இன்னொருவர் தொட விடமாட்டேன்.

ருசி பார்ப்பவர்களில் நான்தான் மூத்தவன்; கடைசி வார்த்தை என்னுடையது. நான் சரி என்றால் முதலாளி வாங்குவார், வேண்டாம் என்றால் மூட்டை வந்த வழியே திரும்பிப் போகும். போன மழைக்காலத்தில் எனக்கு ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது நாக்கையும் மூக்கையும் கொஞ்சம் மந்தமாக்கிவிட்டுப் போனது. கொஞ்சம்தான். உப்புக்கும் சர்க்கரைக்கும் வித்தியாசம் தெரியவில்லை, அவ்வளவுதான். அதற்காக நாற்காலியை விட்டு இறங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. இறங்கினால் அப்புறம் நான் யார்?

மாப்பிள்ளையைப் பற்றிக் கேட்டீர்கள். என் தங்கையின் கணவர். அதே அறையில் எனக்கு அடுத்த நாற்காலி. அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே நான்தான். தங்கமான மனிதர் என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் மறுக்கவில்லை. ஆனால் அந்த வாய் இருக்கிறதே. கீழுதடு எந்நேரமும் ஈரமாக இருக்கும். மீசை நுனியில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டே இருக்கும், விழுந்து தொலைக்காது. பேசினால் வாயோரத்தில் வெள்ளையாக நுரை கட்டும். துப்ப வேண்டிய தேநீரில் பாதியை விழுங்கிவிடுவார். அது தொண்டையில் இறங்கும் சத்தம் எனக்குக் கேட்கும்.

ஊலாங் உங்களுக்குப் பழக்கம் இருக்காது. சீனத்து மலைத் தேயிலை. பச்சைத் தேயிலையும் இல்லை, வீடுகளில் போடும் கறுப்புத் தூளும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் நிற்பது. மிளகைவிடக் கொஞ்சம் பெரிய உருண்டைகளாகச் சுருட்டியிருப்பார்கள். மூடி போட்ட சின்னக் கிண்ணத்தில் போட்டுக் கொதிநீரை ஊற்றி, ஊற்றிய கையோடு வடித்துவிட வேண்டும். அது முதல் தண்ணீர். தூசியைக் கழுவ, இலையை எழுப்ப. அதைக் கழிவுக் குவளையில் சேர்த்துக் கொட்டிவிடுவோம், யாரும் குடிப்பதில்லை. இரண்டாவது தண்ணீரில்தான் இலை விரியும். ஓரம் சிவப்பும் நடுவில் பச்சையுமாகத் தெரியும். மூடியை எடுத்து முகர்ந்தால் பூவாசம் வரும். வரும் என்று ஞாபகம்.

மாப்பிள்ளை அந்தக் கழிவைக் குடிப்பார். தூசியும் தும்பும் மிதக்கிற குவளையை அப்படியே தூக்கி, விளிம்பில் உதட்டை ஒட்டி, ஒரே உறிஞ்சு. இலையின் கோளாறெல்லாம் அதில்தான் தெரியும் என்பது அவர் கட்சி. பிறகு என் பக்கம் சாய்ந்து, சூடான ஈர மூச்சு என் காதுக்குள் புக, "லேசா கரி வாடை மச்சான், வறுத்தது ஜாஸ்தி," என்பார். நான் நிமிர்ந்து உட்கார்ந்து, வறுவல் அதிகம் என்று முதலாளியிடம் சொல்வேன். காய்ச்சலுக்குப் பிறகு தினமும் இதுதான் நடந்தது. நான் அவரிடம் கேட்டதில்லை. அவராகக் கண்டுபிடித்தார், அவராகச் சொல்ல ஆரம்பித்தார். ஒவ்வொரு முறையும் நான் போய்ச் சோப்புப் போட்டுக் காதைக் கழுவிக்கொண்டு வருவேன்.

அதையும் பொறுத்துக்கொண்டேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். உப்பு சரியாக இருக்கிறதா என்று தங்கை என்னைக் கேட்டாள். நான் பதிலைத் தேடுவதற்குள் மாப்பிள்ளை மென்றுகொண்டே சிரித்தார்.

"அவரை ஏன் கேக்கற? மச்சான் நாக்கு இப்ப என் வாய்லதான இருக்கு," என்றார்.

மச்சானைக் கேலி செய்யாமல் வேறு யாரைச் செய்வது? எல்லோரும் சிரித்தார்கள், தங்கையும் சிரித்தாள். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். ஆனால் எனக்கு அது கண்ணெதிரே தெரிந்தது. மென்ற பருக்கைகளுக்கும் எச்சிலுக்கும் நடுவே, அந்த வாய்க்குள், என் நாக்கு. வீடு திரும்பும் வழியில் சாப்பிட்டதெல்லாம் வெளியே வந்துவிட்டது. இன்று தங்கை முன்னால் சொன்னவர் நாளை முதலாளி முன்னாலும் சொல்வார். வாய் சும்மா இருக்காது, அதிலும் அந்த வாய்.

கிடங்கில் பூச்சிக்கு வைத்திருந்த மருந்தை எடுத்தது நான்தான். புது ஊலாங்கைப் பார்க்க முதலாளி வருகிறார் என்று தெரிந்த அன்று, கழிவுக் குவளையின் அடியில் அதை ஊற்றி வைத்ததும் நான்தான். இலையில் கலக்கவில்லை, அதை நீங்கள் கவனிக்க வேண்டும். முதலாளியின் கோப்பைக்கு ஒரு பங்கமும் இல்லை. கொட்ட வேண்டிய தண்ணீரில்தான் வைத்தேன், நாகரிகமுள்ள எவரும் வாயில் வைக்காத தண்ணீரில். முன்னதாக முகர்ந்தும் பார்த்தேன். வாடையே இல்லை. அறையே நாறியது என்று முதலாளி உங்களிடம் சொன்னாராம். இருக்கலாம்.

மாப்பிள்ளைக்கு அந்த வாடை அடித்துவிட்டது. தூக்கிய குவளையை அந்தரத்தில் நிறுத்தி மூக்கைச் சுருக்கினார். என்னைப் பார்த்தார். வேறு யாராக இருந்தாலும் கீழே வைத்திருப்பார்கள். எங்கள் ஆட்கள் அப்படி இல்லை. கெட்ட வாடை அடித்தால், என்ன கோளாறு என்று பிடிப்பதற்காக ஒரு வாய் கூடுதலாக இழுப்பார்கள். எதிரே முதலாளி காத்திருந்தார். நான் ஏதாவது சொல்லியாக வேண்டும். மாப்பிள்ளை சத்தமாக உறிஞ்சி விழுங்கினார்.

கொஞ்ச நேரத்தில் அவர் முகம் கோணியது. உதட்டிலிருந்து எச்சில் வழிய, எனக்கென்று ஊற்றி வைத்திருந்த கோப்பையின் மேல் தன் உள்ளங்கையைக் கவிழ்த்தார்.

"குடிக்காதீங்க மச்சான். இலையில என்னமோ இருக்கு. உங்களுக்குத் தெரியாது, வாய்ல வச்சிடாதீங்க," என்றார்.

காதில் சொல்லவில்லை, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். அதுவரை எனக்கு அவர்மேல் கொஞ்சம் இரக்கம்கூட இருந்தது, அதுவும் போய்விட்டது. மேசை விளிம்பைப் பிடித்தபடி சரிந்து தரையில் விழுந்தார். அவர் வாயிலிருந்து என்னென்ன வந்தது என்று நான் சொல்ல விரும்பவில்லை.

முதலாளி பதறி எழுந்தார். "இலையில என்ன இருக்கு? நீங்க சொல்லுங்க," என்று என்னைக் கேட்டார்.

இலையில் விஷம் இல்லை என்பது எனக்குத் தெரியும். இலை நல்லதா கெட்டதா என்பதுதான் தெரியாது. மாப்பிள்ளையின் பக்கத்தில் மண்டியிட்டு, நுரை தள்ளிய அந்த வாய்க்கு அருகே என் காதைக் கொண்டுபோனேன். பாசத்தில் குனிந்தேன் என்று சுற்றி நின்றவர்கள் நினைத்தார்கள். கடைசி மூச்சுவரை அண்ணன் அவரை விட்டு நகரவே இல்லை என்று சொல்லித் தங்கை அழுதாளாம். நீங்களும் அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறீர்கள், அதைத் திருத்திக்கொள்ளுங்கள். இலை எப்படி இருக்கிறது என்று அவர் சொல்வதைக் கேட்கத்தான் குனிந்தேன்.