விளிம்பில் ஒரு பெயர்

பதக்கம் துலக்குவதற்குச் சீமைச் சுண்ணாம்புத் தூளை மிஞ்ச எதுவும் இல்லை. ஈரத் துணியில் ஒரு சிட்டிகை தொட்டுத் தேய்த்தால் போதும், வெள்ளி பளிச்சென்று வந்துவிடும். ராணுவ மருத்துவனாக இருந்து ஓய்வுபெற்று, இங்கிலாந்தின் இந்தச் செல்ட்டனம் ஊருக்குக் குடிவந்த இந்தப் பதினான்கு வருடமாக, ஞாயிறு காலை தேவாலயம் போய்வந்ததும் எனக்கு இதுதான் வேலை.

ரெஜிமென்ட் அருங்காட்சியகத்துக்குப் பட்டியல் எடுக்க வந்திருக்கிறீர்கள். நான்கு பதக்கங்கள் என்னுடையவை. ஐந்தாவது யாருடையது என்கிறீர்கள். நியாயமான கேள்விதான், சொல்லிவிடுகிறேன்.

ஜேகோ பாஸ்கோ என்ற சிப்பாயுடையது. கார்ன்வால்காரன். நைல் நதியோரமாக எங்கள் படை தெற்கே போய்க்கொண்டிருந்தபோது, ஒரு காலை நோயாளிகள் வரிசையில் வந்து நின்றான். வயிற்றுப்போக்கு என்றான். சுண்ணாம்பும் அபினும் கலந்த மருந்தைக் குடிக்கக் கொடுத்து, அவன் பெயருக்கு எதிரே ‘மருந்து, வேலை’ என்று எழுதினேன். குடித்துவிட்டு வேலைக்குப் போ என்று அர்த்தம். ராணுவ மருத்துவன் வாழ்நாளில் பாதி எழுதுவது அதைத்தான். செத்தவனுக்கும் நம்ம டாக்டர் அதையேதான் எழுதுவார் என்று சிப்பாய்கள் கேலி பேசுவார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

மறுநாளும் வந்தான். கண் உள்ளே போயிருந்தது. விரல் நுனியெல்லாம் சுருங்கியிருந்தது.

“டாக்டரய்யா, காலு ரெண்டும் சுண்டி இழுக்குது. இது சும்மா வயித்துப்போக்கு இல்லீங்க, எனக்கே தெரியுது. என்னைய ஆஸ்பத்திரிப் படகுல ஏத்திவிட்ருங்க” என்றான்.

எனக்கும் தெரிந்தது. ஆக்ராவில் இரண்டு கோடை காலராவோடு மல்லுக்கட்டியவன் நான். ஆனால் அந்தச் சொல்லை எழுதிவிட்டால் படை பத்து நாள் அங்கேயே நிற்க வேண்டும். நான்கு நாள் தூரத்தில் சண்டை காத்திருந்தது. களத்தில் நின்றவனுக்குத்தான் பதக்க ரிப்பனில் சண்டையின் பெயர் பொறித்த வெள்ளிப் பட்டை கிடைக்கும். அந்த நேரம் பார்த்துக் கர்னல் என் கூடாரத்துக்குள் எட்டிப் பார்த்தார்.

“அதுவா இருக்காதுல்ல, டாக்டர்?”

அப்படிக் கேட்பவரிடம் என்ன சொல்ல முடியும்? இல்லை என்றேன். ‘மருந்து, வேலை’ என்று எழுதினேன். பாஸ்கோ துப்பாக்கியை எடுத்துக்கொண்டு, எல்லோரும் குடிக்கும் தொட்டியில் குடுவையை முக்கி எடுத்துக்கொண்டு வரிசைக்குப் போனான்.

மத்தியானம் மணலில் விழுந்து செத்தான். நான் பக்கத்தில் இல்லை. நாங்கள் சண்டைக்குப் போய்ச் சேர்ந்தோம், பட்டையும் வந்தது. அடுத்த இரண்டு வாரத்தில் அறுபத்து மூன்று பேரைப் புதைத்தோம். நாங்கள் தண்ணீர் எடுத்த கிராமங்களில் எத்தனை பேர் செத்தார்கள் என்று யாரும் எண்ணவில்லை. கண் மூடாமல் அத்தனை பேருக்கும் பணிவிடை செய்தேன், அது பொய்யில்லை. என் நான்காவது பதக்கம் காலராவுக்கு அஞ்சாத சேவைக்காகக் கொடுத்தது.

பாஸ்கோவின் தாயாருக்கு, உங்கள் மகன் என் கையைப் பிடித்தபடி அமைதியாகப் போனான் என்று எழுதினேன். வேறென்ன எழுதுவது? படையெடுப்பில் போன எல்லோருக்கும் போல அவனுக்கும், விளிம்பில் பெயர் பொறித்து, ஒரு பதக்கம் வீட்டுக்கு வந்தது. அந்த அம்மாள் அதை எனக்கே அனுப்பிவிட்டாள். “கடைசில கூட இருந்தவரு நீங்கதான். இது உங்ககிட்ட இருக்கறதுதான் முறை” என்று எழுதியிருந்தாள்.

பூதக்கண்ணாடி வைத்தும் விளிம்பில் அவன் பெயரைப் படிக்க முடியவில்லை என்கிறீர்கள். மற்ற நான்கிலும் என் பெயர் தெளிவாகத்தானே இருக்கிறது. அவற்றை நான் அதிகம் தொடுவதில்லை. பாஸ்கோவுடையதை மட்டும்தான் வாரம் தவறாமல் விளிம்பெல்லாம் அழுத்தித் தேய்க்கிறேன். அவனுக்கு என்னால் செய்ய முடிந்த மரியாதை அது ஒன்றுதான்.